நான்காவது துளை

ஒரு காட்டில், ஆனி மாதம் இருபதாம் நாள் காலை, நான்கு துளைகள் போடும் வேலை செங்கொண்டையன் என்ற மரங்கொத்தியிடம் வந்தது.

மழைக்காலத்தில் அக்காட்டு ஓடை கரைபுரண்டு ஓடும். மேய்ச்சல் அக்கரையில் இருந்தது. "என் குட்டிக்கு நீந்தத் தெரியாது" என்று மான் யானையிடம் முறையிட்டது. யானை ஒரு வேங்கை மரத்தை ஓடைக்குக் குறுக்கே கிடத்தியது. இரு கரையிலும் வேரூன்றி நின்ற அடிக்கட்டைகளோடு அதைச் சேர்த்துப் பெரிய மர முளைகளால் இறுக்க வேண்டும்.

"கரைக்கு இரண்டு துளை. ஒன்றுக்கொன்று எதிராகச் சாய்ந்திருக்கட்டும். நேராக அடித்த முளையை வெள்ளம் உருவிவிடும்" என்றது யானை.

வேங்கை கடினமான மரம். சாய்த்துக் கொத்தினால் அலகு வழுக்கும். அதனால் செங்கொண்டையன் மென்மையான ஓர் இலவமரக் கட்டையில் முதலில் சாய்வாகத் துளை குடைந்துகொண்டது. அந்தக் கட்டையைக் குரங்கு வேங்கையின்மேல் அழுத்திப் பிடித்தது. கட்டையின் துளை வழியே அலகு இறங்கியது. பத்துக் கொத்துக்கு ஒருமுறை செங்கொண்டையன் தூளை ஊதித் தள்ளியது. மூன்று துளைகள் சுத்தமாக முடிந்தன.

அப்போது பலாப்பழ வாசம் வந்தது. குரங்கின் கண் அந்தப் பக்கமே போனது.

"அண்ணே, எனக்குக் கை கடுக்கிறது" என்றது குரங்கு. "இன்னுமா உனக்குக் கட்டை வேண்டும்? நடைவண்டி பிடித்து நடக்கும் குழந்தை மாதிரி."

செங்கொண்டையனுக்குச் சுருக்கென்றது. "கட்டையைத் தூக்கிப் போடு. சாய்வு என் கழுத்துக்கே தெரியும்."

அலகு இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை பிடிமானத்துக்காக நேராகக் கொத்தியது. துளையும் நேராகவே இறங்கிவிட்டது.

"துளையின் வாயை மட்டும் சாய்வாகச் செதுக்கிவிடு" என்றது குரங்கு. "உள்ளே யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?"

மாலையில் யானை முளைகளை அடித்து இறக்கியது. "நான்காவது லேசாக இறங்குகிறதே. சாய்வு சரிதானே, தம்பி?"

"சரிதான்" என்றது செங்கொண்டையன்.

மறுநாள் சொல்லிவிட நினைத்து அது யானையைத் தேடிப் போனது. அங்கே மான் நின்றிருந்தது. "உன் புண்ணியத்தில் என் பிள்ளை பிழைக்கும்" என்றது. செங்கொண்டையன் வந்த வழியே திரும்பியது. ஆடியிலும் ஆவணியிலும் பாலம் அசையவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று அது முடிவு செய்துகொண்டது.

ஐப்பசி பதினேழாம் நாள் வெள்ளம் வந்தது. மான் முதலில் கடந்தது. குட்டி பாதி வழியில் இருந்தபோது நான்காவது முளை உருவிக்கொண்டது. மரம் புரண்டது. குட்டியை வெள்ளம் கொண்டுபோயிற்று.

நீர் வடிந்தபின் யானை அந்தத் துளைக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தது. குச்சி நேராக நின்றது.

"தெரியுமா உனக்கு?" என்று செங்கொண்டையனைக் கேட்டது.

"அன்றே தெரியும்."

"சொல்லியிருந்தால் பக்கத்தில் வேறொரு துளை போட்டிருக்கலாம். ஒரு காலைப்பொழுது வேலைதான்" என்றது யானை.

தை மாதம் இரண்டாம் நாள் புதிய பாலம் போடப்பட்டது. நான்கு துளைகளையும் பக்கத்துக் காட்டு மரங்கொத்தி ஒன்று போட்டது.

நீதி: செய்த பிழையைத் திருத்த நாள் இருக்கும்போதே சொல்லிவிடு.