பழகின சனி

"நான் கிளம்புறேன் அம்மா," என்றார் வைரவநாதன்.

ஆற்றங்கரை மடத்துக்குத் தலைவி மங்கையம்மை. அவரைவிட இருபது வயது சின்னவள். பொதுப்பணித்துறையில் ஓய்வு பெற்ற கையோடு அவளிடம் சீடராகச் சேர்ந்தவர் அவர். நாலு வருஷம் ஆகிறது.

"எங்க கிளம்புறீரு?"

"எங்கயாவது. இந்த ஆத்தை யாராலயும் காப்பாத்த முடியாது."

சனி பிடித்தவர்கள் அந்தப் படித்துறையில் தலைமுழுகி, உடுத்திய துணியை ஆற்றோடு விட்டால் சனி விலகும் என்பது வழக்கம். சனி விலகியதோ என்னவோ, துணி விலகவில்லை. மொத்தமும் பாலத்து மதகில் போய் அடைத்துக்கொண்டது. திங்கட்கிழமை அணை திறக்கிறார்கள். மதகு அடைத்திருந்தால் கீழே நாற்றங்காலுக்கு ஒரு சொட்டுப் போகாது.

"துணி போடக் கூடாதுன்னு பலகை வச்சீரே?"

"மாத்துத் துணியை அதுலதான் தொங்க விட்டுட்டுக் குளிக்கிறாங்க."

அம்மை சிரித்தாள்.

"மதகுல கிடக்கிறதை அடிவரைக்கும் எடுத்துட்டு வாரும். பெறகு கிளம்பலாம்."

இரண்டு நாள் மதகிலிருந்து துணியை இழுத்தார். அவர் இழுக்க இழுக்க அம்மை துவைத்தாள், உலர்த்தினாள், மடித்தாள்.

சனிக்கிழமை கூட்டம் வந்தது. குளிக்க இறங்குமுன் திருநீறு வாங்க மடத்து வாசலில் வரிசை கட்டியது. முதலில் நின்றவர் சுருட்டு வாசனையோடு ஒரு பெரிய மனிதர். அம்மை திருநீறு கொடுத்தாள். கூடவே ஒரு சட்டையும் கொடுத்தாள்.

"யாருது தாயே?"

"போன வாரம் ஒருத்தர் தன் சனியை விட்டுட்டுப் போனாரு. நல்லாத் துவைச்சிருக்கேன். உமக்கு அளவா இருக்கும்."

தேள் கொட்டினாற்போல் கையை உதறினார்.

"பயப்படாதேயும். உம்மதை அடுத்த வாரம் வேற யாருக்காச்சும் குடுத்திருவேன்."

"வேண்டாம் தாயே! என் சனி எனக்குப் பழகினது. ஊரான் சனியோட யார் மல்லுக்கட்டுறது?"

முழுகி எழுந்து, சொட்டச் சொட்ட அதே வேட்டியோடு பஸ் ஏறினார். கண்டக்டர் திட்டியது படித்துறை வரை கேட்டது.

சேதி வரிசை முழுக்கப் பரவியது. சாயங்காலம் வரை ஆற்றில் ஒரு கோவணம்கூட விழவில்லை.

வைரவநாதனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"அப்படிப் போடுங்க அம்மா! அறிவு கெட்ட ஜனம். தன் அழுக்கை ஆத்துல விட்டுட்டுப் போனா, எவன் அள்ளுவான்னு ஒருத்தனாவது நினைச்சானா?"

அம்மை ஒரு அரைக்கைச் சட்டையை நீட்டினாள். காக்கி. டெரிகாட்டன்.

"இது எதுக்கு எனக்கு?"

"எல்லாத்துக்கும் அடியில கிடந்தது."

காலரைத் திருப்பினார். உள்பக்கம், எந்த வீட்டுத் துணி என்று தெரியச் சலவைக்காரர் சேங்கொட்டை மையில் போட்ட குறி: இரண்டு புள்ளி, ஒரு கோடு.

தோளில் கிடந்த தன் துண்டின் மூலையைப் பார்த்தார்.

இரண்டு புள்ளி, ஒரு கோடு.

 சட்டையைப் போட்டுப் பார்த்தார். பொத்தான் எட்டவில்லை.

"எப்பக் கிளம்புறீரு?" என்றாள் அம்மை.

"மதகுல இன்னும் கொஞ்சம் சேறு கிடக்குது அம்மா," என்று மண்வெட்டியைத் தேடினார்.