ரசீது யார் பேரில்?

தாளாளர் தர்மலிங்கத்தின் சட்டக் கல்லூரியில் ஏழைகளுக்கென்று ஓர் இலவச சீட் உண்டு. பன்னிரண்டு வருஷமாக அது யாருக்கும் கிடைத்ததில்லை. "எங்க தரம் அப்படி" என்பார் அவர்.

கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே நல்ல மார்க் வாங்கியிருந்த செண்பகவல்லி, அந்த சீட்டுக்காக நேர்காணலுக்குப் போனாள். தாளாளர் பக்கத்தில் தேர்வுக் குழுவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி உட்கார்ந்திருந்தார்.

"விண்ணப்பக் கட்டணம் ஐயாயிரம் எங்கேம்மா?" என்றார் தாளாளர்.

"கட்டலை சார். ஐயாயிரம் கட்ட முடிஞ்சவங்க ஏழை இல்லைன்னு உங்க நாலாவது விதி சொல்லுதே."

"கட்டாத விண்ணப்பம் செல்லாதுன்னு அஞ்சாவது விதி சொல்லுது." தாளாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ரெண்டையும் மீறாம வந்து காட்டு, சீட் உனக்குத்தான்."

நீதிபதி அப்போதுதான் விதிப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

"பணம் கட்டணும்னுதான் இருக்கு சார், நான்தான் கட்டணும்னு இல்லை" என்றாள் செண்பகவல்லி. "நீங்க கட்டிடுங்க."

தாளாளர் சிரித்தார். நீதிபதி சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, "அந்தப் பொண்ணு சொல்றது சரி. நீங்க கட்டுறீங்களா, நான் கட்டட்டுமா?" என்று கேட்டார்.

தாளாளர் பர்ஸைத் திறந்தார். குமாஸ்தா ரசீதில் அவள் பெயரை எழுதப் போனார்.

"சார் பேர்லயே போடுங்கண்ணே" என்றாள். "என்னால கட்ட முடியலைங்கிறதுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் தாசில்தார்கிட்டகூடக் கிடைக்காது."

அடுத்த வருஷம் தாளாளர் அறை வாசலில் பதினாறு பேர் விண்ணப்பத்தோடு நின்றார்கள். ஒருத்தர் கையிலும் பணம் இல்லை. வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவள் இரண்டாம் ஆண்டு மாணவி செண்பகவல்லி.