பாறையடி மைதானமும் முள்ளியின் குழியும்

ஆனைப்பாறைக்கு அடியில் ஒரு மைதானம் இருந்தது. காட்டு மிருகங்கள் அங்கேதான் பந்து விளையாடின. தூக்கணாங்குருவி புல்லில் பின்னிக் கொடுத்த பந்து. நன்றாக உருளும், நன்றாகப் பறக்கும்.

பாறைக்காட்டு அணி என்றால் மற்ற காடுகளுக்குப் பயம். கோல் காக்க ஒரு கரடி. ஓடி அடிக்க நாலைந்து முயல்களும் ஒரு புள்ளிமானும். பெரிய சூரர்கள் ஒன்றும் இல்லை. பயமெல்லாம் வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தால் வந்தது.

கூட்டம் பாறைச் சரிவில் உட்காரும். குரங்குகள் உச்சியில். காட்டுப்பன்றி நடுவில். கீரி ஒரு இடுக்கில். கோலுக்கு நேர் பின்னால் பாறையில் ஒரு குழி. அது முள்ளியின் இடம்.

முள்ளி ஒரு முள்ளம்பன்றி. பக்கத்தில் யாரும் உட்கார முடியாது. குத்தும். ஆனால் அந்தக் குழிக்குள் பின்பக்கமாக நுழைந்துவிட்டால் முள்ளெல்லாம் பாறைக்குள் அடங்கிவிடும். முகம் மட்டும் வெளியே தெரியும். அப்போது ஒரு முயல்குட்டிகூட அதன் பக்கத்தில் உட்காரலாம்.

ஆட்டம் தொடங்கியதும் முள்ளி வால் முள்ளைக் குலுக்கும். கலகலகலவென்று சத்தம் கிளம்பும். குழி அதைப் பத்து மடங்காக்கும். உடனே பன்றி காலால் தரையை இடிக்கும். குரங்குகள் கூவும். பாறை எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லும். வந்த அணிக்குக் கால் ஓடாது.

ஒரு மழைக்காலத்தில் பாறை வெடித்தது. ஒரு கல் உருண்டு வந்து காட்டுப்பன்றியின் இடது காதைப் பிய்த்துக்கொண்டு போனது.

மைதானத்துப் பொறுப்பு மயிலுடையது. அது எல்லாரையும் கூப்பிட்டது.

"இனிமேல் இங்கே ஆட முடியாது. ஆத்தோரப் புல்வெளிக்குப் போறோம். இடம் பார்த்தாச்சு!"

"எதுக்கு?" என்றது காட்டுப்பன்றி.

"எதுக்கா? உங்க காது எங்கே மாமா?"

"ஒரு காதுதானே போச்சு! இன்னொண்ணு இருக்குல்ல!"

"அடுத்த கல் தலையில விழும்!"

"விழட்டும்! எங்கப்பன் உட்கார்ந்த இடம் இது. நானும் இங்கேயே சாகறேன்!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. குரங்குகள் மயில்மேல் காய்களை எறிந்தன. மயில் அசையவில்லை. அது சொன்னது சரி. சரி என்று எல்லாருக்கும் தெரியும். அதனாலேயே கோபம் அதிகமாக வந்தது.

முள்ளி மட்டும் குழியை விட்டு வெளியே வரவே இல்லை.

ஆனாலும் ஆட்டம் ஆற்றோரத்துக்கு மாறியது. புது மைதானம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பச்சைப் புல். மேடு கிடையாது, பள்ளம் கிடையாது. மயில் காட்டுக்கொடியைக் கயிறுபோல் கட்டி இடம் பிரித்து வைத்திருந்தது. மான்கள் இங்கே. குரங்குகள் அங்கே. முன்வரிசை விருந்தினராக வந்த கொக்குகளுக்கு.

முதல் ஆட்டத்துக்கு முள்ளி வந்து நின்றது.

"என் இடம் எது மயிலாரே?"

மயில் இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது.

"முள்ளி, நீ கொஞ்சம் தள்ளி நின்னு பாரேன். கொடிக்கு அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் புதர் இருக்கு. புதருக்குள்ள இருந்து என்ன தெரியும்?"

"வந்திருக்கிறவங்களை முள் குத்தினா யார் பதில் சொல்றது?"

"அங்கே நான் ஒருத்தரையும் குத்தினதில்லையே!"

"அங்கே குழி இருந்தது. இங்கே ஏது குழி?"

முள்ளி புதருக்குப் பின்னால் போய் நின்றது. இலைதான் தெரிந்தது. கூட்டம் பந்திக்குக் காத்திருப்பவர்களைப் போல வரிசையாக உட்கார்ந்திருந்தது. யார் முதலில் சத்தம் போடுவது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதற்குள் எதிர் அணி மூன்று கோல் போட்டுவிட்டது.

போகும்போது எதிர் அணியின் நரி நின்று கேட்டது: "என்னப்பா, இது மைதானமா, சாவு வீடா?"



காட்டுப்பன்றிக்குப் பொறுக்கவில்லை. "எல்லாம் இந்த இடத்தால வந்தது! ராசி இல்லாத இடம்! அடுத்த ஆட்டத்துக்கு நான் இங்கே வர மாட்டேன். பாறையடியிலதான் உட்காருவேன்!"

"ஆட்டம் இங்கே நடக்கும். அங்கே உட்கார்ந்து எதைப் பார்ப்பே மாமா?" என்றது கீரி.

"பார்க்க மாட்டேன். கத்துவேன்!"

சிரிக்க வேண்டிய பேச்சு. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. "நானும் வர்றேன்!" என்றது ஒரு குரங்கு. "நாங்களும்!" என்றது கூட்டம். மான்கள்கூடத் தலையாட்டின.

"எனக்கு அங்கேதான் இடம் இருக்கு. நானும் வர்றேன்" என்றது முள்ளி.

அடுத்த ஆட்டம் வந்தது. அதே நரியின் அணி. ஆட்டம் ஆற்றோரத்தில் நடந்தது. கூட்டம் பாறையடியில் உட்கார்ந்தது. எதிரே காலி மைதானம். ஆட்டத்தைப் பார்த்துவந்து சொல்ல ஒரு மைனாவை ஏற்பாடு செய்திருந்தார்கள்.

மைனா பறந்து வந்தது. "பந்து நம்ம முயல் கால்ல!"

"அடி! அடி!" என்று கூட்டம் கத்தியது. அங்கே அந்த முயல் பந்தைப் பறிகொடுத்து நேரமாகிவிட்டது.

மைனா போனது. மறுபடி வந்தது. "கோல்! புள்ளிமான் போட்டுடுச்சு!"

பாறை அதிர்ந்தது. குரங்குகள் குட்டிக்கரணம் போட்டன. காட்டுப்பன்றி சுற்றிச் சுற்றி ஆடியது. முள்ளி முள் கழன்றுவிடும்படி குலுக்கியது. அந்தக் குதூகலம் அடங்கவே இல்லை.

மைனா மூச்சு வாங்க வந்து விழுந்தது. "நிறுத்துங்க! நிறுத்துங்க! நீங்க ஆடி முடிக்கறதுக்குள்ள அவங்க ரெண்டு போட்டுட்டாங்க!"

ஆட்டம் பாட்டம் நின்றது.

"அப்போ நாம இவ்வளவு நேரம் எதுக்கு மாமா ஆடினோம்?" என்றது கீரி.

"போன கோலுக்கு" என்றது பன்றி. அதன் குரல் இறங்கியிருந்தது.

"கரடியைப் பார்க்கத்தான் பாவமா இருக்கு" என்றது மைனா. "பந்தைப் பார்க்காம திரும்பித் திரும்பிப் பின்னால பார்க்குது. அங்கே யார் இருக்கா? மயிலும் நாலு கொக்கும்தான்."

முள்ளி இதைக் கேட்டது. மேலிருந்து கொஞ்சம் மணல் அதன் மூக்கில் உதிர்ந்தது. தட்டிவிட்டது. எதிரே பார்த்தது. கரடி நின்று நின்று தேய்ந்த இடத்தில் இப்போதே அருகம்புல் தலை காட்டியிருந்தது.

"நாம இங்கே யாருக்குக் கத்தறோம்?" என்றது முள்ளி.

"நம்ம இடத்துக்கு!" என்றது பன்றி.

"இடம் பந்தைத் தடுக்குமா?"

முள்ளி குழியை விட்டு வெளியே வந்தது. உடம்பை உதறியது. பக்கத்தில் இருந்தவர்கள் விலகினார்கள்.

"அக்கா, எங்கே கிளம்பிட்டே?" என்றது கீரி.

"ஆட்டத்துக்கு."

"அங்கே உனக்கு இடமே இல்லையே!"

"இல்லதான்."

"அப்புறம்?"

"தோண்டுவேன்."

காட்டுப்பன்றி வழியை மறித்தது. "உன் வம்சமே உட்கார்ந்த குழி! அதை விட்டுட்டுப் போறியா? உனக்கு மனசு வருதா?"

"வரலை" என்றது முள்ளி. "ஆனா இந்தக் குழி பாறையோடவா பிறந்தது? என் வம்சத்துல எவளோ ஒருத்தி நகம் தேயத் தேயத் தோண்டியிருக்கா. அதுவும் பாறையை! நான் மண்ணைத்தானே தோண்டப் போறேன். எனக்கும் அழுகை வருது மாமா. அழுதுக்கிட்டே போறேன். வர்றவங்க வாங்க!"

சொல்லிவிட்டு நடந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. கீரி பின்னால் ஓடியது. குரங்குகள் கிளைக்குக் கிளை தாவின. மான்கள் எழுந்தன.

"போங்க! எல்லாரும் போங்க! நான் ஒருத்தன் போதும்!" என்று கத்தியது பன்றி.

எல்லாரும் போய்விட்டார்கள். பன்றி தனியாக ஒரு தடவை காலை இடித்துக் கத்திப் பார்த்தது. பாறை திருப்பிக் கத்தியது. பன்றிக்கே வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து ஓட ஆரம்பித்தது.

முள்ளி புது மைதானத்துக்குள் நுழைந்தபோது பாறைக்காடு ஒன்று, நரிக்கூட்டம் இரண்டு. முள்ளி யாரையும் கேட்கவில்லை. கொடிக்குக் கீழே புகுந்து கோலுக்குப் பின்னால் போனது. தோண்டத் தொடங்கியது.

மயில் அலறிக்கொண்டு வந்தது. "நில்லு! என் புல்! எப்படி வளர்த்தேன் தெரியுமா!"

"புல் மறுபடி முளைக்கும். தள்ளி நில்லுங்க, தோகையில மண் படும்."

பட்டேவிட்டது.

"யாரைக் கேட்டுத் தோண்டறே?"

"என் இடம் எதுன்னு உங்களைத்தானே அன்னைக்குக் கேட்டேன். நீங்க சொல்லலை. நானே பார்த்துக்கிட்டேன்."



மண் கெட்டியாக இருந்தது. முள்ளியின் நகம் ஒன்று உடைந்தது. நிறுத்தவில்லை. கீரி மறுபக்கமிருந்து பறித்தது. சத்தம் கேட்டுக் கரடி திரும்பியது.

"யாரு, முள்ளியா?"

"முன்னால பாருடா! பந்து வருது!"

கரடி பாய்ந்து பிடித்தது.

அப்போது காட்டுப்பன்றி வந்து சேர்ந்தது. எச்சில் ஒழுக, மூச்சு இரைக்க நின்றது. "தள்ளுங்க! குழி தோண்டற லட்சணமா இது!" என்றது. மூக்கைக் கொடுத்து ஒரே நெம்பு நெம்பியது. பெரிய மண்கட்டி பெயர்ந்து வந்தது. குரங்குகள் அந்த மண்ணை அள்ளிக் குவித்து மேடாக்கி அதன்மேல் ஏறிக்கொண்டன. மான்கள் தங்கள் வரிசையை விட்டு வந்து மேட்டடியில் நெருக்கி உட்கார்ந்தன. கொடி எங்கெங்கோ அறுந்தது. யார் எந்த இனம் என்று பிரிக்க முடியாமல் போயிற்று.

முள்ளி பின்பக்கமாகக் குழிக்குள் நுழைந்தது. முள் அடங்கியது. வாலைக் குலுக்கியது.

சத்தம் எழும்பவில்லை. பாறை பத்து மடங்காக்கிய சத்தத்தை மண் பாதியாக விழுங்கிவிட்டது.

நரி விழுந்து விழுந்து சிரித்தது. "கைக்குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டறீங்களா?"

கூட்டம் முள்ளியைப் பார்த்தது. முள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி குலுக்கியது. மறுபடி. மறுபடி. காட்டுப்பன்றி காலை இடித்தது. ஈர மண் திம் திம்மென்றது. குரங்குகள் கூவின. திருப்பிச் சொல்லப் பாறை இல்லை. ஆகவே ஆளுக்கு இரண்டு பங்கு கத்த வேண்டியிருந்தது. கத்தினார்கள்.

நரி பந்தோடு தனியாக வந்தது. எதிரே கரடி ஒன்றுதான். நரி ஓங்கி உதைத்தது. கரடி திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது பார்க்கத் தேவையும் இல்லை. வலது பக்கம் விழுந்து பந்தை நெஞ்சோடு அணைத்தது. எழுந்து நீளமாக வீசியது. முயல் வாங்கிப் புள்ளிமானுக்குத் தள்ளியது. புள்ளிமான் அடித்தது.

கோல்!

நடுவராக இருந்த செம்போத்து கூவியது. ஆட்டம் முடிந்தது. இரண்டுக்கு இரண்டு.

"ஜெயிக்கலையே! எதுக்கு இந்தக் குதி குதிக்கறீங்க?" என்றது நரி.

"தோக்கலையே! நீ எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போறே?" என்றது கீரி.

காட்டுப்பன்றி தனக்கென்று ஒரு பள்ளம் பறித்து அதில் உட்கார்ந்து பார்த்தது. இப்படி நெளிந்தது. அப்படி நெளிந்தது.

"இடுப்பு உறுத்துது முள்ளி. அங்கே இருந்த மாதிரி இல்ல."

"இருக்காது மாமா. நீங்க உட்கார்ந்து உட்கார்ந்துதான் சரியாகணும்."

"அதுக்கு எத்தனை காலம் ஆகுமோ!"

"ஆகட்டும். அடுத்த ஆட்டத்துக்குக் கொஞ்சம் சீக்கிரமா வாங்க. இது இன்னும் ஆழமாகணும்."

மயில் தோகையை உதறிக்கொண்டு அருகே வந்தது. குழியைப் பார்த்தது. மேட்டைப் பார்த்தது. நாசமான புல்லைப் பார்த்தது.

"இன்னும் எத்தனை குழி தோண்டப் போறீங்க?"

"வர்றவங்க எத்தனை பேரோ, அத்தனை" என்றது முள்ளி.

மயில் பெருமூச்சு விட்டது. பிறகு மிச்சம் இருந்த கொடியைத் தன் அலகாலேயே அவிழ்க்கத் தொடங்கியது.

விடாமல் வந்து உட்காருகிறவர்களால்தான் ஓர் இடம் பெருமை பெறும். ஆகவே பழைய இடத்தை விட்டுவிட நேர்ந்தால், அழ வேண்டியதை அழுதுவிட்டு எழுந்து போய்ப் புது இடத்தில் உட்காரு.