கரடியின் கல் பாதம்

ஒரு காட்டில் மிருகங்களுக்கென்று ஒரு கல்லூரி நடந்தது. எந்தக் காடு, எந்த மலை என்றெல்லாம் கேட்காதீர்கள். ஆறு ஓடியது, மரங்கள் இருந்தன, கேன்டீனில் ஈசல் வறுவல் கிடைத்தது. கதைக்கு அது போதும்.

அங்கே பாடமெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே நடந்தது. மூன்றாவது மாதமே மானுக்கு மேடு ஏறினால் மூச்சு வாங்கியது. குரங்கு ஒரு கிளைக்குத் தாவிவிட்டு அடுத்த கிளைக்கு யோசித்தது. இது சரிப்படாது என்று விடியற்காலையில் உடற்பயிற்சி வகுப்பு வைத்தார்கள். மொத்தம் நூறு நாள். அதில் எழுபத்தைந்து நாளாவது வந்தால்தான் பரீட்சை. வராதவர்கள் அடுத்த வருடம் புதுப் பிள்ளைகளோடு சேர்ந்து முதலிலிருந்து ஓட வேண்டும்.

பரீட்சை என்றால் எழுதுகிற பரீட்சை இல்லை. தேன் பாறையில் ஏற வேண்டும். மூன்று பனை உயரம். உச்சியில் தேனீக்கள் வருடத்துக்கு ஒரே ஒரு அடையைக் கல்லூரிக்கென்று விட்டுக்கொடுக்கும். அதிக நாள் வந்தவர் முதலில் ஏறலாம், முதலில் தின்னலாம்.

வகுப்பெடுக்க வந்தவர் கௌதாரி மேடம். ஆள் ஒரு கைப்பிடிதான். ஆனால் நாவல் மரத்தடியில் நின்று ஒரு விசில் கொடுத்தால் அக்கரையில் தூங்கும் முதலை எழுந்து உட்காரும்.

நாவல் மரத்தில் தொடங்கி, ஆற்று வளைவைக் கடந்து, மணல்திட்டைத் தொட்டுத் திரும்பினால் ஒரு சுற்று. தினம் பத்துச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஈர மணலில் அவரவர் வரிசையில் வலது முன்னங்காலைப் பதித்துவிட்டு வர வேண்டும். வகுப்பு முடிந்ததும் மேடம் போய் எண்ணுவார். பத்துத் தடம் இருந்தால் வந்ததாக அர்த்தம். ஒன்பது இருந்தால் வரவில்லை. பெயர் கூப்பிட்டு வருகை போடும் பழக்கமே அவரிடம் இல்லை.

"முகம் பொய் சொல்லும். தடம் சொல்லாது" என்பது அவர் கட்சி.

அந்த வகுப்பில் ஒரு கரடி இருந்தது. கெட்ட கரடி இல்லை. சோம்பேறி. வேறு குறையே அதனிடம் கிடையாது. ஆனால் இருந்த அந்த ஒரு குறை கரடி அளவுக்கு இருந்தது.

முதல் நாள் வெறும் வெள்ளோட்டம்; நூறு நாள் கணக்கு அடுத்த வாரம்தான் தொடங்கும். அன்று கரடி ஒரு சுற்று ஓடியது. இரண்டாவது சுற்றில் வளைவிலிருந்த தாழம்புதரைப் பார்த்தது. நல்ல நிழல். போய்ப் படுத்துக்கொண்டது. மணலில் ஒரே ஒரு கரடித் தடம்தான் இருந்தது.

"இப்படியே போனா பரீட்சை கிடையாது தம்பி" என்றார் மேடம்.

தேன் என்றால் கரடிக்கு உயிர். ஓட்டம் என்றால் உயிர் போகும். கரடி யோசித்தது. ஓடாமல் தேன் தின்ன என்ன வழி?

ஆற்றோரத்தில் மாக்கல் கிடந்தது. நகத்தால் கீறினாலே செதுக்கலாம், அவ்வளவு மென்மையான கல். கரடி தன் வலது காலை அருகில் வைத்துப் பார்த்துப் பார்த்து, அதே மாதிரி ஒரு பாதத்தைச் செதுக்கியது. ஐந்து விரல், ஐந்து நகம், உள்ளங்கால் பள்ளம் எல்லாம் அச்சு அசலாக வந்தது. செதுக்கி முடிக்க முழுசாக மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளில் முப்பது சுற்று ஓடியிருக்கலாம். சோம்பேறிகள் வேலை செய்ய மாட்டார்கள் என்று யார் சொன்னது? வேலையிலிருந்து தப்பிக்கிற வேலையை உயிரைக் கொடுத்துச் செய்வார்கள்.

கல் பாதத்தை எடுத்துக்கொண்டு கரடி கீரியிடம் போனது. கீரிக்கு ஒரு குணம் உண்டு. ஒன்றை ஒப்புக்கொண்டால் முடிக்காமல் விடாது.

"மச்சான், நீ எப்படியும் தினம் ஓடத்தானே போறே?" என்றது கரடி.

"ஆமா."

"போற வழியில என் காலையும் எடுத்துட்டுப் போயேன்."

கீரி கரடியின் காலை ஏற இறங்கப் பார்த்தது. "எப்படி, கழட்டிக் குடுப்பியா?"

கரடி கல்லைக் காட்டியது. கீரி தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டது.

"என்னடா இந்தக் கனம் கனக்குது. மரத்துல செய்யக் கூடாதா?"

"மரம்னா லேசாப் பதியும். கரடி மிதிச்சாப்ல இருக்குமா? முதுகுல கட்டிக்கோ. மணலுக்குப் போனதும் வெச்சு மேல ஏறி ஒரு குதி குதி. அவ்வளவுதான்."

"எனக்கு என்ன கிடைக்கும்?"

"கேன்டீன்ல என் பங்கு ஈசல் வறுவல். நூறு நாளும்."

கீரி நாக்கால் மூக்கைத் தொட்டுக்கொண்டது. "சரி. கட்டு."

கணக்கு தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான் நடந்தது. விசில் ஊதியதும் கரடியும் எல்லோரோடும் ஓடும். வளைவு வந்ததும் தாழம்புதருக்குள் போய்ப் படுத்துவிடும். கீரி முதுகில் கல்லோடு ஓடும். மணலில் ஒன்று தன் கால், ஒன்று கரடியின் கால். பத்தாவது சுற்றில் கரடி எழுந்து, ஆற்று நீரை நெற்றியில் தெளித்துக்கொண்டு, நாக்கைத் தொங்கப்போட்டபடி நாவல் மரத்துக்கு வந்து சேரும். விடியற்காலைப் பனியில் யார் எங்கே போகிறார்கள் என்று மேடத்துக்கும் தெரியாது, கூட ஓடுகிறவர்களுக்கும் தெரியாது. மணலில் மட்டும் பத்துத் தடம் பளிச்சென்று இருக்கும்.

"நல்லா முன்னேறிட்டே" என்பார் மேடம்.

"எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான் மேடம்" என்று கரடி மூச்சு வாங்கிக் காட்டும்.

முதல் வாரம் கீரிக்கு முதுகு பிளந்தது. இரண்டாம் வாரம் கால் வீங்கியது. "வேற ஆளைப் பாரு" என்று சொல்லலாமா என்று நினைத்தது. ஒப்புக்கொண்டாயிற்றே என்று சொல்லவில்லை. இரண்டாம் மாதம் கல் இருக்கிறதா இல்லையா என்று அவ்வப்போது திரும்பிப் பார்க்கும்படி ஆகிவிட்டது. கரடியோ தாழம்புதரில் படுத்துப் படுத்து அந்த இடத்தில் ஒரு பள்ளமே செய்திருந்தது.

நூறாவது நாள் முடிந்தது. வருகைப் பட்டியலை நாவல் மரத்தில் ஒட்டினார்கள். குரங்கு மரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு உரக்கப் படித்தது.

"கீரி தொண்ணூத்தேழு. மான் தொண்ணூறு. நான் எழுபத்தாறு, போதும். முழு வருகை ஒருத்தன்தான். கரடி. நூத்துக்கு நூறு."

எல்லோரும் கரடியைத் திரும்பிப் பார்த்தார்கள். முதல் ஆளாகத் தனியே ஏற வேண்டியது தான்தான் என்று கரடிக்கு உறைத்தது. கீரியைத் தனியே இழுத்துக்கொண்டு போனது.

"டேய், எழுபத்தஞ்சு போட்டாப் போதாதா? கடைசியில கூட்டத்தோட கூட்டமா ஏறி, நடுவுல நழுவி வந்து, யாராவது குடுக்கிற தேனை நக்கியிருப்பேனே."

"நூறு நாளும்னு நீதானே சொன்னே?"

"உனக்கே தொண்ணூத்தேழுதான். எனக்கு எப்படிடா நூறு?"

"நடுவுல மூணு நாள் என் வலது கால்ல முள்ளு. ஊன முடியலை, அதனால எனக்கு வருகை இல்ல. உன் காலுக்கு என்ன, நல்லாத்தானே இருந்துச்சு. அதைப் பதிச்சிட்டு வந்தேன்."



பரீட்சை நாள். தேன் பாறையின் அடியில் மொத்தக் கல்லூரியும் கூடியது. காற்று திரும்பும்போதெல்லாம் தேன் மணம் இறங்கியது. அந்த மணத்தில் கரடிக்குப் பயம் கொஞ்சம் தெளிந்தது. கரடி ஜாதியில் பிறந்துவிட்டு ஒரு பாறை ஏற முடியாதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. மேடம் விசில் கொடுத்தார். கரடி ஏறியது.

கால் பனை உயரம் சுலபமாகப் போனது. அரைப் பனையில் வாய் திறந்தது. ஒரு பனை உயரத்தில் ஒரு விளிம்பு இருந்தது. அதில் கரடி ஏறி நின்றதும் நான்கு கால்களும் உதறத் தொடங்கின. மேலே பார்த்தால் இன்னும் இரண்டு பனை. கீழே பார்த்தால் தலை சுற்றியது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. பாறையோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது.

"மேடம், ஒரு கொடி போடுங்க" என்று கத்தியது.

"பரீட்சையில இருக்கிறவனுக்கு யாரும் கை குடுக்கக் கூடாது. சட்டம் தெரியாதா? ஏறு."

"கால் உதறுது மேடம்."

குரங்கு சிரித்தது. "நூறு நாள் ஓடின காலாம், உதறுதாம். பாவ்லா காட்டுறான் மேடம். தேன் மொத்தமும் தனக்கு வேணும், நம்மளை வெயில்ல காய வைக்கிறான்."

வெயில் ஏறியது. பாறை சுட்டது. கரடி ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்தது.

"மேடம், கொடி யாருக்குத்தான் போடுவீங்க?"

"பரீட்சைக்கே தகுதி இல்லாதவன் ஏறி மாட்டிக்கிட்டா போடுவேன். நீதான் நூத்துக்கு நூறாச்சே."

கரடி கணக்குப் போட்டது. நூறு என்ற அந்த எண்ணை விட்டுக்கொடுத்தால் பரீட்சை போச்சு, தேன் போச்சு, ஒரு வருடம் போச்சு. விடாவிட்டால் பாறையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

"மேடம், நடுவுல ஒரு நாள் நான் வரலை."

"தொண்ணூத்தொன்பது நாள் ஓடினவனும் நல்லா ஏறலாம். ஏறு."

"பத்து நாள் வரலை."

"தொண்ணூறு. மான் ஏறப்போகுது, நீ ஏற மாட்டியா?"

"இருபத்தஞ்சு நாள்."

"சரியா எழுபத்தஞ்சு. பாஸ். ஏறு."

விளிம்பிலிருந்து ஒரு சில்லு உடைந்து கீழே விழுந்தது. அது விழுந்து சத்தம் கேட்பதற்கு வெகு நேரம் ஆனது போல் கரடிக்கு இருந்தது.

"ஒரு நாளும் முழுசா ஓடலை மேடம்" என்றது கரடி. "மொத நாள் ஒரே ஒரு சுத்து, அதோட சரி. மிச்சமெல்லாம் கல்லு. கல்லுல கால் செஞ்சு கீரி முதுகுல கட்டி அனுப்பினேன். நான் தாழம்புதர்ல தூங்கினேன். போதுமா? கொடியைப் போடுங்க."

கௌதாரி மேடம் மெதுவாகக் கீரி பக்கம் திரும்பினார்.

"நிஜமா?"

"நிஜம்தான் மேடம். இப்ப யார் கொடி எடுத்துட்டுப் போறது?"

"வேற யாரு, தூக்கிப் பழகினவன்தான் தூக்கணும்" என்றார் மேடம்.

கீரி ஒரு நீளக் காட்டுக்கொடியைச் சுருட்டி முதுகில் கட்டிக்கொண்டது. பாறையில் கால் வைத்தது. நின்று மூச்சு வாங்கவில்லை. கரடி நின்ற விளிம்பைத் தாண்டி, மேலே ஒரு வேரில் கொடியைச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கீழே விட்டது.

"பிடிச்சு இறங்கு. கீழே பார்க்காதே, என்னைப் பாரு."

கரடி கீரியைப் பார்த்தபடியே இறங்கியது. பார்க்கப் பார்க்க அதற்கு ஒன்று விளங்கியது. கீரியின் தோள் இரண்டும் கயிறு முறுக்கியது போல் இருந்தன. அது தனக்கு வந்திருக்க வேண்டிய தோள். கூலியும் கொடுத்து அதைத் தானே இன்னொருவனுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறோம்.

"வந்தது வந்தே, அப்படியே மேல போ" என்று மேடம் கீரியைப் பார்த்துக் கத்தினார். "நீ ஓடினது உன் காலு. அதுல பொய் இல்ல. ஆனா திருட்டுக்குத் துணை போயிருக்கே. அடையை அப்படியே எல்லாருக்கும் இறக்கு. நீ கடைசியாத் தின்னு."

"சரி மேடம்" என்று சொல்லிவிட்டுக் கீரி அணில் மாதிரி ஏறிப்போனது.

அன்றைக்கு எல்லோரும் தேன் தின்றார்கள். கரடி மட்டும் ஓரமாக உட்கார்ந்து மூக்கைத் தூக்கி மோந்துகொண்டிருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நான்கு கால்களும் தரையில் இருந்ததால் அவ்வளவு மோசமாக இல்லை.

அடுத்த வருடம் புதுப் பிள்ளைகளோடு கரடி ஓடியது. முதல் வாரம் இரண்டு சுற்றில் குப்புற விழுந்தது. அணில் குட்டிகள் அதன் மேலேறித் தாண்டி ஓடின.

"அண்ணே, வழியில படுக்காதீங்க" என்றன.

"படுக்கலைடா, விழுந்து கிடக்கேன்" என்றது கரடி. எழுந்து மறுபடி ஓடியது.

ஒரு மாதத்தில் ஆறு சுற்று வந்தது. மழைக்காலம் தொடங்கும் முன் பத்தும் வந்தது. நடுவில் நிஜமாகவே காய்ச்சல் வந்தது, நிஜமாகவே சோம்பல் வந்தது. எல்லாம் போக எண்பத்தொரு நாள். பட்டியலில் ஆறாவது இடம்.

பரீட்சை நாளில் ஐந்து பேர் ஏறித் தின்றுவிட்டு இறங்கிய பிறகு கரடியின் முறை வந்தது. அந்தப் பழைய விளிம்பில் ஒரு முறை நின்றது. கால்களைக் கவனித்தது. பிறகு மேலே போனது. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது அடையில் ஒரு மூலைதான் மிச்சம். கரடி அதைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டது.

"எப்படிடா இருக்கு?" என்று கீழிருந்து குரங்கு கத்தியது.

வாய் நிறைய தேன் இருந்ததால் கரடி பதில் சொல்லவில்லை.

நீதி: உன் பெயரில் அடுத்தவன் உழைத்தால், பெயர்தான் உனக்கு, பலம் அவனுக்கு.