கவளம் மறுத்த யானை

கிளி பேசும், கிணறு பேசும், ஆண்பிள்ளைகள் மட்டும் வீட்டுக்குள் நடந்ததைப் பேச மாட்டார்கள். அப்படியும் ஒரு காலம் முன்னே இருந்ததாம். அப்போது கொன்றைப்புரி நாட்டில் சடையன் என்றொரு பாகன் இருந்தான். அங்குசத்தைத் தொடாமலே அரண்மனை யானையை அடக்குவான். தங்கமான மனுஷன் என்று ஊரே கொண்டாடியது. வீட்டில் எலி, வெளியில் புலி என்பார்களே, இவன் நேர்மாறு. வீட்டுக்குள் நுழைந்ததும் அதே கை மனைவி செம்பாயியின் கன்னத்தில் இறங்கும்.

திருவிழா அன்று பாகன் தன் கையால் யானைக்கு முதல் கவளம் ஊட்டினால்தான் தேர் நகரும். அந்த வருஷம் சடையன் சோற்றை நீட்டினான். யானை வாங்கவில்லை. மறுபடி நீட்டினான். வாங்கவில்லை. மூன்றாம் தடவை யானை வாய் திறந்து பேசியது.

"பெண்டாட்டியை அடிக்கிற கையால எனக்குச் சோறு வேணாம்."

அந்த நொடியே அவன் வலக்கை மணிக்கட்டு வரை மரமாகிப் போனது. கூட்டத்தில் செம்பாயி முந்தானையால் கன்னத்தை மறைத்தாள். ஊர் அவளைப் பார்த்தது, பிறகு அவனைப் பார்த்தது. பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது சடையனுக்கு.

மரக்கையை மீட்டுத் தரும் பூதம் ஒன்று காட்டுக் கிணற்றில் இருப்பதாகச் சொன்னார்கள். ஓடினான். அங்கே ஏற்கெனவே ஒரு படைவீரனும் ஒரு ஜவுளி வியாபாரியும் மரக்கையோடு நின்றார்கள். 'நான் இவங்களைப் போல இல்லை' என்று சடையன் ஒதுங்கி நின்றான்.

"ஏன் அடிச்சே?" என்றது பூதம்.

வீரன் தேம்பினான். "என்னை விட்டுட்டுப் போயிடுவாளோன்னு பயம் சாமி. கோபத்துல கண்ணு தெரியலே. அடிச்சிட்டு நானும்தான் அழுவேன்."

"கண்ணு தெரியாதவன் தளபதியை விட்டுட்டு அவளை மட்டும் எப்படித் தேடிப் பிடிச்சே?" கை மரமாகவே இருந்தது.

வியாபாரி அழவில்லை. "எனக்குக் கோபமே வராது. பயம் இருந்தாத்தான் வீடு அடங்கும். வெளியே தெரியாத இடமாப் பார்த்துத்தான் அடிப்பேன்." பூதமே சற்றுப் பின்வாங்கியது. அவன் கை தோள் வரை மரமானது.

"நீ ஏன் அடிச்சே?"

"அவ வாய் சும்மா இருக்காது," என்றான் சடையன். மரம் ஒரு விரற்கடை ஏறியது. "வேலை அலுப்பு," என்றான். இன்னும் ஏறியது.

"யானை முரண்டு பிடிச்சா அலுப்பு வராதா? அதை ஏன் அடிக்கலே?"

சடையன் தன் மரக்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அது திருப்பி அடிச்சா செத்துருவேன். இவ திருப்பி அடிக்க மாட்டா. வெளியேயும் சொல்ல மாட்டா. அதான் அடிச்சேன்."

மரம் ஏறுவது நின்றது. "ஊரறியப் பேர் வாங்கினவன் ஊரறியச் சொல்லு. போ," என்றது பூதம்.

தேருக்கு முன்னால் நின்று சொன்னான். ஒவ்வொரு சொல்லுக்கும் கூனிக் குறுகிப்போனான். கை சதையானது. ஆவலாகக் கவளத்தை எடுத்து நீட்டினான். யானை அவனைத் தாண்டிப் போய்ச் செம்பாயி முன்னே மண்டியிட்டது. அவள் ஊட்டினாள். தேர் நகர்ந்தது.

"வீட்டுக்கு வா, செம்பாயி," என்றான்.

"உங்க கை உங்களுக்குத் திரும்பிடுச்சு. நானும் திரும்பணும்னு பூதம் சொல்லிச்சா?"

அரசர் அவளையே யானைப் பாகியாக்கி, குடியிருக்க வீடும் கொடுத்தார். அவள் அங்கே சுகமாக வாழ்ந்தாள். சடையன் கொட்டிலுக்குப் புல் அறுத்துப் போட்டான். அவள் வரும்போதெல்லாம் வலக்கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வானாம். கை நல்லாகிவிட்டது, வெட்கம்தான் போகவில்லை.