திரும்பி வந்த குங்குமம்

அரிசிலாற்றின் தென்கரையில் பாக்கமங்கலம் என்றொரு சிற்றூர். அங்கே மங்களவல்லி என்னும் திருப்பெயரோடு எழுந்தருளியிருக்கும் அம்பிகைக்குக் குங்குமம் இடித்துக் கொடுத்து வாழ்ந்தவர் தையலம்மையார். பொழுது புலரும்போதே ஆற்றில் முழுகிவிட்டு வந்து கல்லுரலின் முன் நிற்பார். குண்டு மஞ்சளைச் சீவி, வெண்காரமும் படிகாரமும் கலந்த எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, முறத்தில் பரப்பி நிழலில் உலர்த்தினால் மஞ்சள் மெல்ல மெல்லச் சிவந்து வரும். அதை இடித்து மெல்லிய துணியில் சலித்து எடுப்பார். கை காய்த்து வெடித்திருக்கும். வெடிப்பில் சாறு பட்டால் நெருப்பாய் எரியும். அந்த எரிச்சலை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சொல்ல வாய்க்கு ஏது நேரம்? உலக்கை விழும் ஒவ்வொரு முறையும் அம்பிகையின் ஒரு நாமம் அந்த வாயில் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் உச்சிவேளையில் அக்கோயிலில் நூற்றெட்டு நாம அர்ச்சனை நடக்கும். வடமொழித் தோத்திரம். அம்மையாருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. மண்டபத்து வாசலில் நின்று கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டார்.

இத்தனை குங்குமம் இடித்தவரின் நெற்றியில் மட்டும் ஒரு பொட்டு கிடையாது. குங்குமம் இடிப்பது கணவர் சிவக்கொழுந்து செய்துவந்த திருப்பணி. விஷக் காய்ச்சலில் அவர் மூன்றே நாளில் போய்விட்டார். பிள்ளை இல்லை. மஞ்சள் சிவக்கும் பக்குவம் ஊரில் வேறு எவருக்கும் தெரியாததால், கைம்பெண் என்றும் பாராமல் பணியை அம்மையாரிடமே விட்டார்கள். ஊராரின் பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வேறு வழியில்லாமல் விட்டார்கள்.

கூலியாகக் கோயிலிலிருந்து அரிசி வரும். அதற்கு மேல் அம்மையார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சாமி, இன்னிக்கி ஒரு பேருக்கு அர்த்தம் சொல்லுங்க. அச்ருமார்ஜனீன்னு வருதுங்களே, அதுக்கு."

சபேச குருக்கள் நல்லவர். கதவைச் சாத்தப் போனவர் நின்று சொன்னார்: "கண்ணீரைத் துடைச்சு விடறவள்னு அர்த்தம் தையலு."

அந்த வாரம் முழுக்க அம்மையார் அழுதுகொண்டே இடித்தார். துடைத்துவிட ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு அழுவதற்கு என்ன கூச்சம்? அடுத்த வெள்ளிக்கிழமை மார்கரக்ஷிணீ, வழித்துணையாய் வருகிறவள். அதற்கடுத்து அன்னதா, சோறு போடுகிறவள். அன்று முதல் தம் வீட்டு உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போட்டு, ஆற்றுத்துறையில் கிடக்கும் பரதேசிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். பண்டிதர்கள் பொருளைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். நம் அம்மையாருக்குப் பொருள் தெரிந்துவிட்டால் கை சும்மா இருக்காது.

இப்படிப்பட்டவருக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அக்கோயிலில் ஒரு வழக்கம். பெரிய தாம்பாளத்தில் வாழையிலை விரித்து, வரிசைக்கு ஒன்பதாகப் பன்னிரண்டு வரிசை, ஆக நூற்றெட்டுச் சிறு குவியல்களாகக் குங்குமத்தை வைக்க வேண்டும். குருக்கள் ஒவ்வொரு நாமத்துக்கும் ஒரு குவியலை எடுத்து அம்பிகையின் திருவடியில் இடுவார். முன்பு சிவக்கொழுந்து அடுக்கிய தாம்பாளம் காலியாகத் திரும்பி வந்தது. அம்மையார் அடுக்கத் தொடங்கிய முதல் வெள்ளிக்கிழமையே அதில் ஒரு குவியல் மிஞ்சியது. மறுவாரமும் மிஞ்சியது. அதற்கடுத்த வாரமும் மிஞ்சியது.

அம்மையார் ஒன்றுக்கு நான்குமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தாம்பாளத்தைக் கொடுப்பார். என்ன எண்ணியும் ஒன்று மிஞ்சியே வந்தது. ஊர் வாய் சும்மா இருக்குமா? "அம்பாளே ஒண்ணைத் தள்ளிவிடுறாடி. தாலி அறுத்த கை அடுக்கினது வேற எப்படி இருக்கும்?" என்று பெண்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். காதோடு காதாக என்றால், அம்மையாரின் காதிலும் விழுகிற அளவுக்கு.

அம்மையார் அதை நம்பினார், அதுதான் கொடுமை. தம்மிடம் ஏதோ ஒரு குற்றம் இருக்கிறது, தாய்க்கு அது தெரிகிறது, அதனால்தான் ஒன்றை ஒதுக்குகிறாள் என்று நினைத்தார். திரும்பி வந்த குவியலை நெற்றியில் இடவும் முடியாது, அம்பிகைக்கென்று எடுத்துவைத்ததைக் குப்பையில் கொட்டவும் மனம் வராது. ஒரு மண்கலயத்தில் போட்டு வைத்தார். ஒன்பது ஆண்டுகளில் கலயம் கழுத்துவரை நிறைந்துவிட்டது. தினமும் அதைத் தொட்டு, "என்ன தப்புன்னு சொல்லிடு தாயே, திருத்திக்கிறேன்" என்று கேட்டுவிட்டுத்தான் உலக்கையை எடுப்பார்.

அந்த ஆண்டு நவராத்திரி நெருங்கியது. கோயில் தர்மகர்த்தா ஒப்பிலாமணிப் பிள்ளையின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பிள்ளையின் மனைவி மீனலோசனி ஆச்சி கெட்டவர் அல்லர். ஆனால் மூத்த மகளை வாழ்விழந்த கோலத்தில் வீட்டில் வைத்துக்கொண்டு இளையவளுக்குக் கல்யாணம் செய்கிற தாயின் பயம் அவரைப் பிடித்து ஆட்டியது. ஒருநாள் நேரே அம்மையாரின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"தையலு, உன்னை நோகடிக்கணும்னு வரல. நவராத்திரி வெள்ளிக்கிழமை எம் பொண்ணு பேருல அர்ச்சனை. அதுல ஒண்ணு மிஞ்சினா என் நெஞ்சு தாங்காது. இனிமே நீ இடிக்கவும் வேணாம், அடுக்கவும் வேணாம். கும்பகோணத்துலேர்ந்து குங்குமம் வாங்கிக்கிறோம். சுமங்கலிங்க ஏழு பேரா அடுக்கிக்கிறோம்."

"அரிசியை வேணா நிறுத்திடுங்க ஆச்சி. உரலை மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க" என்றார் அம்மையார்.

"அரிசி எப்பவும்போல வரும். நீ மண்டபத்துப் பக்கம் மட்டும் வராதே."

ஆச்சி போய்விட்டார். மறுநாள் காலை அந்த வீட்டில் உலக்கைச் சத்தம் கேட்கவில்லை. கணவர் இறந்த மறுநாள்கூட அம்மையார் இவ்வளவு வெறுமையாக உணர்ந்ததில்லை. அன்று அழுகை வந்தது. இன்று அதுவும் வரவில்லை. நாமங்களையாவது சொல்லலாம் என்று உட்கார்ந்தால், உலக்கை இல்லாமல் தடம் தவறியது. புளியங்கொட்டை நூற்றெட்டை எண்ணி எடுத்துவைத்து, நாமத்துக்கு ஒன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். தோத்திரம் முடிந்தபோது ஒரு கொட்டை எஞ்சியது. மறுபடி சொன்னார். அப்போதும் ஒன்று எஞ்சியது.

ஒன்பது வருடமாக ஒரு திருநாமம் தம் காதிலேயே விழவில்லையா? அதுதான் குற்றமா? குருக்களின் மேல் அவருக்குச் சந்தேகமே எழவில்லை. அப்படியெல்லாம் நினைக்கத் தெரியாத மனசு அது.

நவராத்திரி வெள்ளிக்கிழமை காலை குருக்கள் ஆற்றில் நின்று சூரியனுக்கு அர்க்கியம் விட்டுக்கொண்டிருந்தார். அம்மையார் கரையில் ஒதுங்கி நின்று கைகூப்பினார்.

"சாமி, நூத்தியெட்டுல ஒரு பேரு எனக்குத் தெரியாமலே போயிருக்கு. அந்தப் பேருக்குண்டான குங்குமத்தைத்தான் அம்மா திருப்பி அனுப்புறா போலிருக்கு. அது என்ன பேருன்னு சொல்லிடுங்க. இனிமே உரலைத் தொடப் போறதில்ல. வாயால சொல்லிக்கிட்டாவது இருப்பேன்."

குருக்களின் கையிலிருந்த நீர் மந்திரம் முடியுமுன்பே விரலிடுக்கில் வழிந்துவிட்டது. அவர் அம்மையாரின் முகத்தைப் பார்க்கவில்லை. "நாழியாச்சு தையலு" என்று சொல்லிவிட்டுக் கரையேறி விறுவிறுவென்று நடந்தார்.

உச்சிவேளை. மண்டபம் நிறைய பட்டுப் புடவைகள். அம்மையார் உள்ளே போகாமல் கொடிமரத்தடியில், வெயிலில் கொதிக்கும் கல்லில் நின்றார். மடியில் நூற்றெட்டுப் புளியங்கொட்டை. விட்டுப்போன நாமத்தை இன்றாவது பிடித்துவிட வேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். நாமத்துக்கு ஒன்றாகக் கொட்டைகள் தரையில் விழுந்தன. தோத்திரம் முடிந்து மணி ஒலித்தது. அம்மையாரின் உள்ளங்கையில் ஒரு கொட்டை இருந்தது.

அதே நேரத்தில் உள்ளே ஆச்சியின் குரல் அலறியது. "ஐயோ, ஒண்ணு மிச்சமிருக்கே! நானே எண்ணி அடுக்கினேனே!"

மண்டபம் கலகலத்துப் போனது. குருக்கள் திருவடியிலிருந்து குங்குமம் எடுத்து அம்பிகையின் நெற்றியில் பொட்டு வைத்தார். பொட்டு உதிர்ந்தது. சந்தனம் தடவி மீண்டும் வைத்தார். மீண்டும் உதிர்ந்தது. மூன்றாம் முறையும் நிற்கவில்லை. பொட்டில்லாத நெற்றியோடு மங்களவல்லி அத்தனை சுமங்கலிகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குருக்கள் கருவறைப் படியில் தலையை முட்டிக்கொண்டார். பிறகு எஞ்சிய குவியலோடு தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, நேரே கொடிமரத்தடிக்கு வந்தார்.

"தையலு, தப்பு உன் கையில இல்லே. என் நாக்குல."

அம்மையாருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"உன் ஆம்படையான் போனப்புறம் மொத வெள்ளிக்கிழமை தாம்பாளத்தோட வந்து நின்னியே, ஞாபகம் இருக்கா? கக்கத்துல முறம்கூட இருந்தது. அறுபத்தோராவது நாமம் வாய் வரைக்கும் வந்துடுத்து. எதிர்ல உன்னைப் பார்த்தேன். சொன்னா நீ நொந்துபோவியோ, இவாள்லாம் சிரிப்பாளோன்னு முழுங்கிட்டேன். மொத நாள் இரக்கம்தான். அப்புறம் பழியெல்லாம் உன்மேல விழுந்தப்போ எழுந்து சொல்லியிருக்கணும். அதுக்குத் தைரியம் வரலே. ஒம்போது வருஷமா வாயை மூடிண்டு இருந்துட்டேன்."

"என்ன பேரு சாமி அது?" அம்மையார் கேட்டது அது ஒன்றைத்தான்.

"விதவா சூர்ப்பதாரிணீ. கைம்பெண்ணாய் முறமேந்தி நிக்கறவள். பஞ்சத்துல ஊரே பாழாப் போனப்போ, புருஷனைப் பறிகொடுத்தவ கோலத்துல தாயே வந்து, பதரைப் புடைச்செடுத்து, பசிச்சவாளுக்கெல்லாம் சோறு போட்டாளாம்."

அம்மையார் உள்ளங்கையிலிருந்த புளியங்கொட்டையைப் பார்த்தார். தாய்க்கும் இந்தக் கோலம் உண்டு! தம் நெற்றியைப்போலவே அவள் நெற்றியும் வெறுமையாய் இருந்த காலம் உண்டு. இத்தனை நாள் வராமல் நின்ற அழுகை அப்போது பீறிட்டு வந்தது. "நொந்துபோவேன்னா நெனச்சீங்க சாமி? இந்தப் பேருக்காகத்தானே நான் காத்துக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார்.

குருக்கள் அவரை முன்னே நடக்கவிட்டு உள்ளே அழைத்துப் போனார். ஆச்சி ஒதுங்கி வழிவிட்டார். "விதவாயை சூர்ப்பதாரிண்யை நம:" என்று கோயில் அதிரச் சொல்லி, எஞ்சிய குவியலைத் திருவடியில் இட்டு, அதிலேயே ஒரு சிட்டிகை எடுத்துப் பொட்டு வைத்தார் குருக்கள். பொட்டு நின்றது. கற்பூரம் காட்டியவர் திடீரென்று தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தையலு, அம்பாளோட தாமரை இருக்கற கையில முறம் தெரியறது. முறத்துல குங்குமப் பொடி ஒட்டிண்டிருக்கு. உன் முறமேதான்!"

கற்பூரம் எரிந்த நேரம் வரைக்கும் குருக்களுக்கு அந்தக் காட்சி இருந்ததாம். அம்மையாருக்குத் தெரிந்ததா என்று கேட்டால், கண்ணீர் மறைத்ததால் தமக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றுதான் கடைசிவரை சொல்லிவந்தார்.

அவர் வீட்டுக்கு ஓடினார். கழுத்துவரை நிறைந்த அந்த மண்கலயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தார். "இதெல்லாம் அவளுக்குச் சேர வேண்டியது சாமி. நான் வச்சிருந்துட்டேன்." குருக்கள் கலயத்தை இரு கையாலும் வாங்கினார். ஒன்பது ஆண்டு வெள்ளிக்கிழமைகளில் தாம் விழுங்கிய அந்த ஒரே நாமத்தை, கலயம் காலியாகும்வரை, பிடி பிடியாகச் சொல்லிச் சொல்லி அர்ச்சித்தார். பொழுது சாய்ந்து அம்பிகையின் திருவடி மறையும்வரை குங்குமம் உயர்ந்தது. அத்தனை சுமங்கலிகளும் நின்று அந்த நாமத்தைக் கேட்டார்கள். யாரும் விலகிப் போகவில்லை.

கடைசியில் மீனலோசனி ஆச்சி குங்குமப் பிரசாதத்துக்காக முந்தானையை ஏந்திக்கொண்டு அம்மையாரின் முன் வந்தார். அவரைக் குருக்களிடம் போகச் சொல்லி அம்மையார் விலகினார். ஆச்சி விடவில்லை.

"நீ குடு தையலு. எம் பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் குடு."

மறுநாள் விடியற்காலையில் பாக்கமங்கலத்தார் உலக்கைச் சத்தம் கேட்டுத்தான் கண் விழித்தார்கள். ஆச்சியின் மூத்த மகள் தையலம்மையாரின் எதிரே நின்று மாற்றுலக்கை போட்டுக்கொண்டிருந்தாள். இன்றும் அக்கோயிலில் அறுபத்தோராம் நாமத்தை மட்டும் ஊரே சேர்ந்து சொல்வது வழக்கம். தாய் ஒதுக்கினாள் என்று ஊர் சொன்ன குங்குமத்தைத் தாய்க்காகவே காத்துவைத்திருந்த அந்த அம்மையாரின் காய்த்த கைகளுக்கு நம் வணக்கம் உரியதாகுக.