செம்பள்ளத்துக்கு ரெண்டு பேர்

ஒரு ஊர்ல ஒரு அக்கா, ஒரு தம்பி. அக்கா பேரு தையல்நாயகி, தம்பி சட்டநாதன். அக்காவைத் தம்பி கடைசியா உசிரோட பார்த்தது பஸ் ஜன்னல் வழியாத்தான். கீழ நின்னு சீடைப் பொட்டலத்தை நீட்டினா. "மழைக்கு முன்னாடி செம்பள்ளம் போயிடணும்டா. உங்க மச்சான் லேசுல நகர மாட்டாரு. நீதான் கெளப்பணும்"னு சொன்னா. டுர்ர்ர்னு பஸ் போயிடுச்சு. அப்புறம் ஒரு காய்ச்சல் வந்துச்சு. அவளும் போயிட்டா.

தூங்கிட்டியா? "ம்ஹூம்." சரி.

செம்பள்ளம்னா, மழை கீறிக் கீறி மண்ணெல்லாம் கோட்டை கோட்டையா நிக்கிற இடம். புல்லுகூட முளைக்காது. சர்க்கார் அதைத் தேசியப் பூங்கான்னு வேலி போட்டு வச்சிருக்கு. அக்கா ஒருநாள் ரயில்ல போறப்போ பார்த்திருக்கா. சாயங்கால வெயில்ல அந்தச் செம்மண்ணு கத்திரிப்பூ நிறமா மாறுச்சாம். அன்னைலேர்ந்து அங்க கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கணும்னு ஆசை.

ஆனா தனியா வந்தா உள்ள விட மாட்டாங்க, கூட ஒருத்தர் வேணும். மழை வந்தா கேட்டையே பூட்டிடுவாங்க. மச்சான் உத்திராபதியோ அக்கா போனதுலேர்ந்து நாற்காலியே கதின்னு கெடக்குறாரு. சோறு வச்சா சாப்பிடுவாரு, வைக்காட்டி கேக்க மாட்டாரு. இவரைக் கெளப்பலைன்னா அக்கா ஆசையும் போச்சு, மச்சானும் போச்சுன்னு தம்பிக்குப் பயம்.

அப்போ தம்பி போய்க் கேட்டான். மச்சான் கண்ணையே திறக்கல. அங்க அடிக்கிற காத்துல கூடாரம் பறந்துடும் மாப்ளே, நீயும் அதைப் புடிச்சுத் தொங்கிட்டே போவேன்னாரு.

தம்பி என்ன பண்ணான்? கொல்லையில கூடாரத்தைப் போட்டு, அரிசிச் சாக்குல மண்ணை ரொப்பி மூலைக்கு ஒண்ணா வச்சான். படபட படபடன்னு அடிச்சுது, பறக்கல. மச்சான் ஜன்னல் வழியா ஒத்தைக் கண்ணால பார்த்துட்டு, காத்து சரி, தேளுக்கு என்ன பண்ணுவேன்னாரு.

அப்புறம் தம்பி கூடாரத்துக்குள்ள போய்ப் படுத்தான். அடித்துணியும் சேர்த்துத் தச்ச கூடாரம் அது. ஜிர்ர்ர்னு ஜிப்பை இழுத்து மூடிக்கிட்டான். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. மச்சான் எழுந்து கொல்லை வாசப்படி வரைக்கும் வந்துட்டாரு. "இருக்கியா மாப்ளே, இல்ல தேளு தின்னுடுச்சா?"

ம் சொல்லு. "ம்."

அப்புறம் மூணாவதா, குடிக்கிற தண்ணிக்கு என்ன பண்ணுவேன்னு கேட்டாரு பாரு. அரை நாள் நடந்து மேடு ஏறணும், அவ்வளவு தண்ணியைச் சுமக்க முடியாது. அங்க ஓடுற ஓடைத் தண்ணியோ காப்பி மாதிரி இருக்கும். துணியில வடிச்சாலும் தெளியாது. அப்போ மேக்கால கடமுடன்னு இடி. தம்பி கூடாரத்தைச் சுருட்ட ஆரம்பிச்சுட்டான்.

அடுக்களையில கடகட, லொட லொடன்னு டப்பா உருளுற சத்தம். அக்கா போனப்புறம் மச்சான் கால் வைக்காத இடம் அது. வெளிய வந்தப்போ கையில ஒரு சின்ன டப்பா. உள்ள தேத்தாங்கொட்டை. மழைக்காலத்துல கிணறு கலங்கினா அக்கா இதைத்தான் உரசி ஊத்துவா. ஊரே குழாய்த் தண்ணி குடிக்குது, இவ கொட்டை உரசுறான்னு கேலி பண்ணினவரே இவர்தான்.

கொல்லை மண்ணைக் குடத்துத் தண்ணியில கரைச்சாரு. கொட்டையைக் கல்லுல சரக் சரக்குனு உரசி, அதுல கலந்தாரு. ரெண்டு பேரும் குடத்துப் பக்கத்துலயே குந்திக்கிட்டாங்க. மெல்ல மெல்லச் சேறு அடியில எறங்குச்சு. மேல தண்ணி பளிச்சுன்னு நின்னுச்சு.

"இதைக் காய்ச்சித்தான் குடிக்கணும் மாப்ளே. அடுப்பை எடுத்து வை."

"அப்போ வர்றீங்களா மச்சான்?"

"நீ தனியா போனா கேட்டுலயே நிறுத்திடுவான்ல."

போனாங்க. சாயங்காலம் மண்ணு கத்திரிப்பூ நிறமா மாறுச்சு. மச்சான் ரெண்டு டம்ளர்ல டீ ஊத்தினாரு. மூணாவதா ஒண்ணு ஊத்தி மண்ணுல வச்சாரு. அவங்க திரும்பி வந்தப்புறம்தான் மழை கொட்டுச்சு.

கதை கூடாரத்துக்குள்ள போயிடுச்சு, நீ போர்வைக்குள்ள போ.

அந்த டப்பாவுல இன்னும் ரெண்டு கொட்டை இருக்கு.